‘எனக்கு ஓசிடிப்பா!’ என்று சொல்வதற்கு முன்...

மேசையை ஒழுங்காக வைத்திருந்தால் போதும், “எனக்குக் கொஞ்சம் ஓசிடிப்பா” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில், தமிழில் ‘எண்ணச் சுழற்சி நோய்’ எனப்படும் ஓசிடிக்கும் சுத்தத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. அது அடங்காத சந்தேகம்.

செஞ்சி பக்கம் தளவானூரில் ஓர் இளைஞர் வேலைக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூட்டை இழுத்துப் பார்க்கிறார். நாலு அடி நடந்ததும், ‘நிஜமாவே பூட்டினோமா?’ திரும்பி வருகிறார். பத்தாவது முறை பார்ப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. பூட்டியிருப்பது அவருக்குத் தெரியும். மனசுதான் நம்ப மறுக்கிறது.

என்ன அறிகுறி?

விரும்பாமலே திரும்பத் திரும்ப வரும் எண்ணம். அந்தப் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் செயல். கை கழுவுவது, எண்ணுவது, மனசுக்குள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பது எல்லாம் இதில் அடக்கம். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனாலோ, வேலையும் உறவும் கெட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிலருக்கு சாமி கும்பிடும்போது அசிங்கமான நினைப்பு வரும். சிலருக்கு, ‘குழந்தையைக் கீழே போட்டுடுவேனோ’ என்ற பயம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் இயல்புக்கு நேர் எதிரான எண்ணம் என்பதால்தான் அப்படி நடுங்குகிறார்கள். வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

திட்டினால் பதற்றம் கூடும். “பூட்டியாச்சுப்பா, நான் பார்த்தேன்” என்று தினமும் சமாதானம் சொல்வதும் உதவாது. அப்போதைக்கு நிம்மதி; நாளைக்குச் சந்தேகம் இன்னும் பலமாக வரும். சிகிச்சை இந்தச் சுழலைத்தான் உடைக்கிறது. பயத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, திரும்பப் போய்ப் பார்க்காமல் இருக்கப் பழக்குகிறார்கள். மாத்திரைகளும் உண்டு, முழுப் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது.

இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-ல் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416-ல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஓசிடியை ஜோக்காக்கும்போது, பக்கத்து சீட்டில் அதனோடு போராடுகிறவர் இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொள்கிறார். அவர் பேசட்டும். அதற்காக ஒரு ஜோக்கை விட்டுக்கொடுத்தால் என்ன?