எழுபது வளைவுகளுக்கு மேலே ஒரு விண்ணப்பம்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகளுக்கு அரசின் உதவி ஏட்டளவில் குறைவில்லை. உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. பத்தாம் வகுப்புக்கு மேல் பயில்வோருக்கு உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரியில் சேரும் மாணவிக்கு, 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின்படி மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

ஆயினும் பணத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே காகிதங்கள் நிற்கின்றன. பழங்குடியினர் என்னும் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரே வழங்க வேண்டும். அவரது அலுவலகமோ மலைக்குக் கீழே நாமக்கல்லில். வருமானச் சான்று வேறு, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு வேறு. ஆதாரில் ஒரு பெயரும் மாற்றுச் சான்றிதழில் அதே பெயர் வேறெழுத்திலும் இருந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். இணையவழியில் விண்ணப்பிக்கலாமே என்பது நமக்கு எளிதாகத் தோன்றும். தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் மாணவிக்கு அதைச் சொல்லித்தருபவர் யார்?

இந்த அலைச்சலை நம் சமுதாயம் நன்கறியும். 2006இல் சச்சார் குழு அறிக்கை வந்தது. அதன்பின் சிறுபான்மை மாணவர் கல்வி உதவித்தொகையும் வந்தது. முதலாண்டுகளில் எத்தனை விண்ணப்பங்கள் ஒரு முதலெழுத்துப் பிழையால் திரும்பின! பிறகு பல மஹல்லாக்களில் ஜும்ஆவுக்குப் பின் இளைஞர்கள் மடிக்கணினியுடன் அமர்ந்து படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டார்கள். 2022இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான உதவித்தொகையை ஒன்றிய அரசு நிறுத்தியது. அவ்வகுப்புகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே இலவசக் கல்வி தருகிறது என்பது அது சொன்ன காரணம். நோட்டுக்கும் பேருந்துக்கும் யார் தருவார் என்பதற்கு விடையில்லை. தொகை குறைந்தது, நாம் கற்ற திறமை மட்டும் நம்மிடமே உள்ளது. அத்திறமையை நாமக்கல், இராசிபுரம், சேந்தமங்கலம் ஜமாஅத்துகள் மலைமேல் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

"பைத்துல்மால் நம் ஏழைகளுக்கே போதவில்லையே" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். ஜகாத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்பது மார்க்கம் வகுத்த எட்டு வகையினருக்குள் அடங்கியது. அதில் கைவைக்கச் சொல்லவில்லை. நான் கேட்பது நேரத்தை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பேசும்போது அவர் எந்த மதத்தவர் என்று நாம் கேட்பதில்லை அல்லவா? முதல் மூன்று இடம் பெற்றோருக்குக் கேடயம் வழங்கும் ஆண்டு விழாவுக்கு நாம் செலவிடும் உழைப்பில் பாதி போதும். (அந்தக் கேடயங்கள் பெரும்பாலும் பரணில்தான் இருக்கின்றன.)

இது தமிழகத்துக்குப் புதிதன்று. காமராஜர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் பலகையும் நாற்காலியும் கட்டடமும் தந்தனர். மதிய உணவும் ஊரார் பங்களிப்போடு வளர்ந்ததே. அரசு செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அரசை விலக்கிவிட்டுச் செய்யவும் இல்லை.

இன்னோர் அச்சமும் உண்டு. தொப்பியும் தாடியுமாக நால்வர் படிவங்களோடு மலையேறினால் மதமாற்றம் என்று கதை கட்டுவார்கள். இன்றைய சூழலில் இது வீண் அச்சமன்று. எனவே நாமாக வீடுவீடாகச் செல்லக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அக்குழுவையும் தலைமையாசிரியரையும் முதலில் சந்தித்து, அவர்கள் அழைத்தால் மட்டுமே செல்ல வேண்டும். பள்ளி வளாகத்திலேயே, ஆசிரியர் முன்னிலையில் அமரலாம். பதாகை வேண்டாம், புகைப்படம் வேண்டாம், ஆதார் நகல் எதையும் கையில் வாங்கி வர வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தவுடன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், செம்மேட்டில் ஒரு பள்ளியில் தொடங்கலாம். சாதிச் சான்றிதழ் இல்லாதோர் பட்டியலை மட்டும் அதற்கு முன்பே, தை மாதத்திலேயே, தலைமையாசிரியரிடம் தயாரிக்கச் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் நாள் பிடிக்கும்.