முப்பது நாள் அவகாசம்

விடியுமுன் காந்தி மார்க்கெட்டில் லாரிகளுக்கு இடையே காய்கறி மூட்டை சுமப்பவருக்குச் சாலையின் ஆபத்து நன்கு தெரியும். விதி வகுப்போருக்கு அவர் குரல் எட்டுவதில்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 212ஆவது பிரிவின்படி, விதிகளின் வரைவை முன்னரே வெளியிட வேண்டும். கருத்துத் தெரிவிக்க வழக்கமாக 30 நாள் அவகாசம் உண்டு. வாகன நிறுவனங்களிடம் பதில் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நாமோ, ‘யாராவது எழுதுவர்’ என்றிருக்கிறோம். பலன் பலருக்கெனில் முயற்சி எவருக்குமில்லை. வகுப்பில் நான் நடத்திய பாடம்தான் இது.

கோவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் அப்படி இருக்கவில்லை. அவர் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கால்தான், 2014இல் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது.

நான் இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. அடுத்த வரைவுக்கு, அந்தச் சுமைத் தொழிலாளியைக் கேட்டு எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள்.