கறுப்பு கவரில் என்ன ரகசியம்?

மெடிக்கல் ஷாப்பில் போய், 'வீட்டுல தாத்தாவுக்கு...' என்று இழுக்காதீர்கள். தூக்கத்தில் சிறுநீர் போகிறவர் நீங்கள்தான் என்றால், 'எனக்குத்தான்' என்றே கேளுங்கள். கடைக்காரர் கறுப்பு கவரில் சுற்றித் தரும் ஏதோ ஒரு டயபரோடு ரயில் ஏறினால், திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் பெர்த் நனைந்துவிடும்.

அளவு பார்க்காமல் பேன்ட் வாங்குவீர்களா? டயபரை மட்டும் வாங்குகிறீர்களே! 'பெரிசா இருந்தா நல்லா உறிஞ்சும்' என்று ஒரு நினைப்பு. தொடைப் பக்கம் இடைவெளி விழுந்தால் அங்கேதான் ஒழுகும், சார். இன்ச் டேப்பால் இடுப்பை அளந்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். ஜட்டி மாதிரி மாட்டுவது நடமாட சௌகரியம். ஆனால், ஆடுகிற ரயில் டாய்லெட்டில் அதை மாற்ற பேன்ட்டையும் கழற்றணும். பக்கவாட்டில் ஒட்டும் ரகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும், கிளம்பும் முன் வீட்டில் ஒரு ராத்திரி போட்டுப் பார்த்துவிடுங்கள்.

'மத்தியானத்துலேர்ந்து தண்ணியே குடிக்கலை' என்பது வீரமல்ல. சிறுநீர் அடர்த்தியானால் பைக்கு எரிச்சல்தான் கூடும். இந்தத் தொந்தரவு புதிதாக வந்திருந்தால் சர்க்கரையோ, புராஸ்டேட்டோ... டாக்டரிடம் போங்கள். கழற்றியதைப் பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். பயோ டாய்லெட்டில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும்.

சானிடரி நாப்கினுக்கு 2018 ஜூலையில் ஜி.எஸ்.டி.யை எடுத்தார்கள். பெண்கள் குரல் கொடுத்தார்கள், கிடைத்தது. பெரியவர்கள் டயபருக்கோ 12 சதவிகிதம் அப்படியே ஓடி, 2025 செப்டம்பரில்தான் 5 ஆனது. ஏழு வருஷம்! வாங்குகிறவர் எல்லோரும் 'தாத்தாவுக்கு' வாங்கினால், யார் போய்க் கேட்பது?