சட்டம்னா சட்டம்தானா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு கிழவர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தோம். வழக்கமாக எங்கள் பேச்சு மூட்டுவலி, பென்ஷன், பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் என்று போகும். அன்றைக்கு ஒரு பெண்ணைப் பற்றித் திரும்பிவிட்டது. இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவளாம். நன்மை வாங்க வரிசையில் வந்து நின்றாளாம். சாமியாரும் கொடுத்துவிட்டாராம். பங்குப் பேரவையில் பழைய புள்ளியான என் நண்பர் கொதித்துப் போயிருந்தார். "சட்டம்னா சட்டம்தான் சார். இன்னிக்கு ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க" என்றார்.

நான் அங்கே ஒன்றும் பேசவில்லை. எதற்கும் பதில் யோசிக்க எனக்கு மூன்று நாளாவது பிடிக்கும். அரசாங்க உத்தியோகத்தில் படிந்த குணம். இந்த முறை ஒரு மாதமே ஆகிவிட்டது. இதுதான் அந்தப் பதில். நண்பர் இதைப் படிப்பார் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

1956-இல் எனக்குப் புதுநன்மை. அந்தக் காலத்தில் நள்ளிரவு முதல் வயிற்றில் ஒன்றும் போகாமல் இருந்தால்தான் நன்மை வாங்கலாம். காலையில் வாய் கொப்பளிக்கும்போது ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. யோக்கியனாக நானே போய் உபதேசியாரிடம் சொன்னேன். அவர் என்னை வரிசையிலிருந்து பிரித்துச் சுவரோரமாக நிறுத்திவிட்டார். புது வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவர்த்தி, கண்ணெல்லாம் தண்ணீர். அக்காவுக்கு அப்போது பதினோரு வயது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குள் நேரே நுழைந்துவிட்டாள். பெண்பிள்ளைகள் அங்கே போகவே கூடாது. உள்ளே இருந்த வெள்ளைக்காரச் சாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். தண்ணீர் குடிப்பதால் உபவாசம் முறியாது என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1953-லேயே உத்தரவு போட்டுவிட்டார். மூன்று வருடமாகியும் அது எங்கள் உபதேசியார் காதுக்கு வந்து சேரவில்லை.

மறு வருடமே, 1957-இல், நள்ளிரவுக் கணக்கும் போய் மூன்று மணி நேரம் என்றானது. 1964-இல் ஒரு மணி நேரம். ஒரு மடக்குத் தண்ணீருக்காக எத்தனை பிள்ளைகள் எத்தனை ஊர்களில் சுவரோரம் நின்றிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அந்த அக்கா 1971-இல் முதலியார்பேட்டையைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ரோடியர் மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், இந்து. மேற்றிராணியாரிடம் விலக்கு வாங்கினால் கோயிலிலேயே அந்தக் கல்யாணத்தை நடத்தலாம். அக்கா முறைப்படி கேட்டாள். அப்போதிருந்த பங்குச் சாமியார், "அப்பாவை அழைச்சிட்டு வா, அவர் சம்மதிச்சா எழுதறேன்" என்று சொல்லிவிட்டார். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குத் தகப்பன் சம்மதம் வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. எங்கள் அப்பாவோ இரண்டு வருடம் அசையவில்லை. கடைசியில் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

அதிலிருந்து அக்காவுக்கு நன்மை கிடையாது. ஆனால் அவள் கோயிலை விடவில்லை. ஞாயிறு தவறாமல் வருவாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள். எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது முழந்தாளிட்டு இருப்பாள். மாமா வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். நான் ஒவ்வொரு வாரமும் அந்த பெஞ்சைத் தாண்டித்தான் வெளியே வருவேன். ஒரு நாளாவது நின்று "உனக்கு எப்படி இருக்கிறது அக்கா?" என்று கேட்டதில்லை.

வழி சொன்னவர்கள் இருந்தார்கள். பக்கத்துக் கடலூரிலோ விழுப்புரத்திலோ உன்னை யாருக்குத் தெரியும், அங்கே போய் வாங்கிக்கொள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒரு சாமியாரே ஜாடையாக அப்படிச் சொன்னார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பிடிப்பவர்கள்தான் சந்து பொந்துகளையும் காட்டுகிறார்கள். லிசேயில் பாஸ்கல் எழுதிய கடிதங்களை எங்களுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். 1656, 57-இல் எழுதியவை. எந்தப் பாவத்துக்கும் ஒரு சாமர்த்தியமான சமாதானம் கண்டுபிடிக்கிற வித்தையை அவற்றில் அவர் கிழித்திருப்பார். அக்கா பாஸ்கலைப் படித்ததில்லை. "தெரியாத ஊர்ல வாங்கினா அது திருட்டு தம்பி" என்றாள், அவ்வளவுதான்.

பிற்பாடு, பிள்ளைகள் வளர்ந்தபிறகு, ஒரு சாமியார் நல்ல மனதோடுதான் வந்தார். கோயிலில் வைத்து மறுபடியும் வார்த்தைப்பாடு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷம் இவ எனக்கு யாரு சாமி? என் பொண்டாட்டியையே நான் இன்னொரு வாட்டி கட்டிக்கணுமா?" என்று கேட்டார். பிடிவாதம் என்று அன்றைக்கு நானும் அவரைத் திட்டினேன்.

2009-இல் மாமா போய்ச் சேர்ந்தார். இப்போது சட்டப்படி தடை இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நன்மை வாங்கலாம். நானே அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அவள் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள். அவருடன் வாழ்ந்த 38 வருடமும் பாவம், அதற்கு மனஸ்தாபப்பட்டால்தான் மன்னிப்பு என்றாராம் சாமியார். அக்கா சொன்ன பதிலை அவள் வாயாலேயே கேட்டேன். "விலக்கு வாங்காம கட்டிக்கிட்டதுக்கு வருத்தப்படறேன் சாமி. அவரோட வாழ்ந்ததுக்கு வருத்தப்படறேன்னு சொன்னா அது பொய். தொட்டியில மண்டிபோட்டுப் பொய் சொல்லலாமா?"

மறுபடியும் கடைசி பெஞ்ச். இன்னும் எட்டு வருடம்.

ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே நன்மை. மூன்று வார்த்தை போதும். ஒரு சட்டம் உண்மை சொன்னவளை வெளியே வைத்துப் பொய் சொல்லத் தயாரானவளை உள்ளே விடுமானால், அந்த இடத்தில் அந்தச் சட்டம் கெட்டுவிட்டது. என் நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நான் சட்டத்துக்கு எதிரி இல்லை. முப்பத்தாறு வருடம் விதிகளை வைத்துத்தான் சோறு தின்றேன். அதனால்தான் அதன் வியாதியும் எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் ஒரு விதவையின் குடும்பப் பென்ஷன் கோப்பு என் மேசைக்கு வந்தது. புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவில் பெயர் ஒரு விதமாக எழுதியிருக்கும், ரேஷன் கார்டில் வேறு விதமாக இருக்கும். லட்சுமி என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு பட்டியலே போடலாம். நான் மூன்று முறை அந்தக் கோப்பைத் திருப்பினேன். எட்டு மாதம் அந்த அம்மாள் நடந்தாள். விதிப்படி நான் செய்தது சரி. எந்தத் தணிக்கையும் என்னைத் தொட முடியாது. கடைசியில் கண்காணிப்பாளர், "இரண்டும் ஒரே நபர் என்பதில் ஐயமில்லை" என்று ஒரு வரி எழுதி முடித்தார். அந்த ஒரு வரியை எழுத எனக்கும் அதிகாரம் இருந்தது. பயம். விதியைப் பிடித்துக்கொண்டால் நான் பத்திரமாக இருப்பேன், அவள் என்ன ஆனால் என்ன.

கோயிலில் இந்தக் குமாஸ்தாப் புத்தி இருக்கக் கூடாது என்கிறேன்.

அக்கா 2017-இல் தூக்கத்திலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான், வெட்கத்தோடு சொல்கிறேன், 1983-ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்து உட்கார்ந்து படித்தேன். பிரெஞ்சில் படித்ததால் எனக்குச் சுலபம். 1161-ஆம் விதி. செல்லாத கல்யாணத்தை வேரிலேயே குணப்படுத்துவது என்று ஒன்று இருக்கிறது. மறுபடி வார்த்தைப்பாடு வேண்டாம், சடங்கு வேண்டாம். தகுந்த காரணம் இருந்தால் மேற்றிராணியார் ஓர் உத்தரவில் முடித்துவிடலாம். மாமா கோயில் படி ஏறியிருக்கவே வேண்டாம். 38 வருடத்தில் எங்களுக்கு இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. சட்டம், சட்டம் என்று சொன்ன யாரும் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. உபதேசியாரும் தண்ணீரும் போல.

அதே தொகுப்பின் கடைசி விதி 1752. பங்குச் சாமியார்களை இடமாற்றம் செய்வது பற்றியது. அதன் வாலில், ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையில் தலையாய சட்டம் என்று வருகிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை டிரான்ஸ்ஃபர் விதியின் வாலில் கொண்டுபோய் வைத்த மனிதர் நிச்சயம் ஒரு குமாஸ்தாவாகத்தான் இருந்திருப்பார்.

"அப்போ ஆளாளுக்கு மனச்சாட்சின்னு சொல்லிட்டு இஷ்டத்துக்கு நடக்கலாமா?" என்று நண்பர் கேட்பார். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. மனச்சாட்சி என்ற பெயரில் சொந்த சௌகரியத்தைப் பார்ப்பவர்கள் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்காவின் மனச்சாட்சி அவளுக்கு என்ன சௌகரியத்தைக் கொடுத்தது? நாற்பத்தாறு வருடம் அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது. கடலூருக்குப் போகவிடவில்லை. தொட்டியில் பொய் சொல்லவிடவில்லை. சட்டத்தைவிட அதுதான் கறாராக இருந்தது. மனிதன் கடவுளோடு தனியாக இருக்கும் உள்ளறை மனச்சாட்சி என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது இந்த மாதிரி ஆட்களைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் கர்தினால் நியூமன், 1875-இல், விருந்தில் போப்பாண்டவருக்கும் கோப்பை உயர்த்துவேன், ஆனால் மனச்சாட்சிக்குத்தான் முதலில் என்ற பொருளில் எழுதினார். அவரைத் திருச்சபை தள்ளிவைக்கவில்லை. 2019-இல் புனிதர் பட்டம் கொடுத்தது.

ஒன்றை விடாமல் பிடித்து இன்னொன்றைத் தளர விடுவது எங்கள் ஊருக்குப் பழைய வழக்கம். 1703-இல் தூர்னோன் என்ற போப்பாண்டவரின் தூதர் சீனாவுக்குப் போகிற வழியில் இங்கே இறங்கினார். எட்டு மாதம் இருந்தார், பெரும்பாலும் நோயில். 1704-இல் ஒரு நீண்ட தடை உத்தரவு போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, ஞானஸ்நானத்தில் உமிழ்நீரையும் உப்பையும் விடக் கூடாது என்று போகும். அந்தப் பட்டியலில் ஓர் உத்தரவு மட்டும் என் மனதுக்குப் பிடித்தது. இன்று தலித் மக்கள் என்கிறோமே, அவர்களில் நோயுற்றவர்களின் வீட்டுக்குச் சாமியார்கள் நேரே போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது. அதற்குத்தான் எதிர்ப்பு பலமாக வந்தது. நாற்பது வருடம் வழக்கு நடந்து, 1744-இல், அவர்களுக்கென்று தனியாகச் சாமியார்களை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மறு வருடம் சம்பா கோயிலுக்குள் அவர்களைப் பிரித்து நின்ற சுவர் இடிபட்டதையும், அதற்குச் சாதிக் கிறித்தவர்கள் குதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பார்க்கலாம். தேங்காய்க்கு விதி, மனிதனுக்கு விதிவிலக்கு.

அந்தியோக்கியாவில் சின்னப்பர் இராயப்பரை எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்ததும் ஒரு சாப்பாட்டுப் பந்தியை வைத்துத்தான். யாரோ பார்த்துவிடுவார்கள் என்று பயந்து புறவினத்தாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை இராயப்பர் நிறுத்திவிட்டார். முதல் போப்பாண்டவருக்கே அந்தத் திட்டு விழுந்தது என்றால் பங்குப் பேரவைக்கு விழுந்தால் குறைச்சல் இல்லை.

போப்பாண்டவர் பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட மடலில், இப்படிச் சிக்கலில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துத் தேர்ந்து தெளிய வேண்டும் என்றார். அதில் 351-ஆம் அடிக்குறிப்பு, சில வேளைகளில் அவர்களுக்கு அருட்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்கிறது. உலகமெல்லாம் அந்த அடிக்குறிப்பைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். அடிக்குறிப்பு எவ்வளவு வேலை செய்யும் என்பது கோப்பு எழுதியவனுக்குத் தெரியும்.

அக்காவின் அடக்கப் பூசையில் பெட்டியைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால், முதல் வரிசைக்கும் முன்னால் வைத்தார்கள். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. நன்மை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நான் எழுந்து போகவில்லை.

என் நண்பர் போன மாதம் திட்டினாரே, அந்தப் பெண்ணை நான் இரண்டு வாரமாகத் தேடினேன். போன ஞாயிறு கண்டுபிடித்தேன். கடைசி பெஞ்சில் இருந்தாள், மடியில் ஒரு கைக்குழந்தை. அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே மின்விசிறிக் காற்று வராது, சாமியார் பேசுவதும் பாதிதான் கேட்கும். நன்மை நேரத்தில் அவள் எழுந்திருக்கத் தயங்கினாள். "போம்மா, குழந்தையை நான் பிடிச்சிக்கிறேன்" என்றேன்.