இறப்பர்ப் பாலுக்கு அளவுண்டு. மனிதக் குருதிக்கு இல்லையா?

எஹலியகொடத் தோட்டங்களில் விடியற்காலையிற் பால் வெட்டச் செல்லும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்கள் கொண்டுவரும் பால் நிறுக்கப்படுகிறது. அதில் உலர் இறப்பர் எத்தனை வீதம் என்றும் பார்க்கப்படுகிறது. அப்பாலைச் சுழற்பொறியிலிட்டுச் செறிவாக்கும் ஆலைக்கும் 60 வீதம் என்ற அளவு உண்டு.

அத்தகைய தாயொருத்தியின் மகன் அண்மையில் நம்மிடம் வந்தார். பரம்பரை வழுக்கைக்காகக் கொழும்பிலே தம் குருதியைக் கொண்டே சிகிச்சை பெற்றவர். பல மாதச் சேமிப்புக் கரைந்தது; முடி வளரவில்லை. அவர் காட்டிய பற்றுச்சீட்டில் ‘பி.ஆர்.பி.’ என்ற மூன்றெழுத்தும் தொகையுமே இருந்தன.

அம்மூன்றெழுத்தின் பொருள் யாது? குருதியை எடுத்து, உறையாதிருக்க மருந்து சேர்த்துச் சுழற்றினால், செங்கலங்கள் அடியிற் படியும். மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். அதிலுள்ள சிறுதட்டுகள் வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுபவை. அவற்றைச் செறிவாக்கித் தலைத்தோலில் ஊசியால் ஏற்றுகிறார்கள்.

ஆனால் ஒருவர் ஒருமுறை சுழற்றுகிறார், மற்றவர் இருமுறை. ஒருவர் வெண்கலங்களை நீக்குகிறார், மற்றவர் விட்டுவைக்கிறார். ஒருவர் கல்சியம் குளோரைட்டுச் சேர்க்கிறார், மற்றவர் சேர்ப்பதில்லை. சுழற்சி மிஞ்சினால் சிறுதட்டுகள் சிதையும். முறை பிழைத்தால் செறிவே கிட்டாது. சாதாரணக் குருதியின் ஒரு கன மில்லிமீற்றரில் 150,000 முதல் 450,000 வரை சிறுதட்டுகள் உண்டு. ஊசியில் ஏறியது அதனிலும் எத்தனை மடங்கு? எண்ணிப் பாராதவன் எதை விற்றான்?

இச்சிகிச்சை பயனற்றதென்று நாம் வாதிக்கவில்லை. முடியின் அடர்த்தி கூடியதாகக் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆயின், எம்முறைத் தயாரிப்பு என்று கூறாத வெற்றியை மற்றொருவர் எங்ஙனம் திருப்பிச் செய்வார்? மூட்டு, தசை நோய்களுக்கு இதே பிளாஸ்மாவைப் பயன்படுத்திய 105 ஆய்வுகளை 2017இல் அறிஞர்கள் பரிசீலித்தனர். தயாரிப்பு முறையை முழுமையாக விவரித்தவை 11 மட்டுமே! கடையில் வாங்கும் மினொக்சிடில் போத்தலிற்கூட வீதம் அச்சிடப்பட்டிருக்கிறதே!

அசட்டை பணத்தோடு நிற்பதுமில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், உரிய அனுமதியின்றி நடந்த அழகு நிலையமொன்றில் இவ்வகைக் குருதிச் சிகிச்சையை முகத்துக்குப் பெற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018இல் வெளிப்பட்டது. பெயரிடப்படாத குருதிக் குழாய்கள் அங்கே கிடந்தன.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் நம் நாட்டில் உண்டு. நியமங்களை வகுத்துக் கண்காணிக்க ஒழுங்குறுத்தும் பேரவையும் உண்டு. அதனிடம் நாம் கேட்பது சலுகையன்று. எடுத்த குருதியின் அளவு, சுழற்சியின் வேகமும் நேரமும், முன்னும் பின்னும் சிறுதட்டு எண்ணிக்கை, செய்தவரின் பதிவிலக்கம் ஆகியவற்றை நோயாளியின் கையில், அவர் மொழியில், எழுதிக் கொடுக்கச் சட்டவிதி செய்க!

அதுவரை நம் இளைஞர்களுக்கு ஒரு சொல்: எழுதித் தராதவனிடம் கையை நீட்டாதீர்! தாயின் வாளிப் பாலுக்குள்ள மதிப்பு, மகனின் குருதிக்கும் வேண்டும்.