கொற்றமும் கொள்ளும்

நம் பாடசாலைகளில் வரலாறு என்பது கொற்றவர்களின் வரலாறே. எவன் எந்த நகரை வென்றான், எவன் எந்தக் குளத்தைக் கட்டினான் என்பதே பாடம். அவர்களுக்குச் சோறிட்ட மக்கள் தம் வயிற்றுக்கு எதை உண்டனர் என்ற கேள்வி எழுவதில்லை. எழுந்தால் பாடத்தின் நாயகரே மாறிவிடுவர்.

அக்கேள்விக்கு மண் விடை வைத்திருக்கிறது. தமிழகத்தின் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் அகழ்ந்தபோது, புதிய கற்கால மக்களின் கரிந்த கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே தக்காணத்தின் வறண்ட மேடுகளில் இவை பயிராகின. புறநானூற்றின் 335-ஆம் பாடலில் மாங்குடி கிழார் உணவாக எண்ணுபவை நான்கு: வரகு, தினை, கொள், அவரை. நான்கில் இரண்டு பயறினம். நெல்லுக்கு அங்கு இடமில்லை. இந்தக் கொள்ளைத்தான் குதிரைத் தீனி என்று கனவான்கள் இகழ்கின்றனர்!

பயறு மனிதனோடு மண்ணையும் ஊட்டியது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைதரசனை உரமாக்குகின்றன. விஞ்ஞானம் இதை நிறுவியது 1880களில். பயறு விளைந்த நிலம் வளம்பெறும் என்பதை உரோமின் வாரோ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தார். உழவரின் பட்டறிவே அவருக்கு ஆசான்.

அத்தகைய புன்செய்ச் சீமைகளிலிருந்து, சேலம், திருச்சி, மதுரைப் பகுதிகளிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டில் உழைப்பாளர் மன்னார் வழியே கால்நடையாக மாத்தளை வந்தனர். காடழித்துக் கோப்பி நட்டனர். பின்னர் தேயிலை நட்டனர். எல்கடுவ மலைச்சரிவுகள் அவ்வுழைப்பின் சாட்சிகள். தேயிலைக்கு நிழலும் பசுந்தாள் உரமும் வேண்டித் துரைமார் முள்முருங்கையை நடச் செய்தனர். அதுவும் அவரைக் குலத்து மரமே! தேயிலையின் பசிக்கு அவரைக் குலம் வந்தது. தொழிலாளியின் பசிக்கோ, தலைமுறைகள் கடந்தும், சொந்தமாக ஒரு பாத்தி நிலம் பெரும்பாலோருக்கு வரவில்லை. கப்பலில் வரும் மைசூர்ப் பருப்பைக் காசுக்கு வாங்குவதே விதியாயிற்று. 2022-இன் நெருக்கடியில் அதன் விலையும் எட்டாமற் போயிற்று.

விளைவு என்ன? 2016-ஆம் ஆண்டின் மக்கட்தொகை, சுகாதார அளவாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவ 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம்.

தோட்ட மக்களுக்குச் சத்துணவு பற்றிய அறிவில்லை என்று போதிப்போரைக் கேட்கிறோம்: பயறின் பட்டறிவு நெடுங்காலம் வாழ்ந்த சீமைகளின் வழித்தோன்றல்களிடம் இல்லாதது அறிவா, நிலமா?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! கொற்றவர் பாடத்தோடு கொள்ளின் பாடத்தையும் வகுப்பறையில் தொடங்குவோம். அந்தப் பாடம் நிலவுரிமைக் கோரிக்கையில்தான் முடியும், முடியட்டும்.