உயிரோடு இருக்கிறீரா என்று கேட்டால் போதுமா?

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், திண்டுக்கல் தலைமைத் தபால் ஆபீசில் பெரியவர்கள் கூட்டம் கூடிவிடும்.

ஒருவர் கையில் தடி. ஒருவர் கையில் மருந்துப் பை. இன்னொருவரை மகள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வருகிறாள். எல்லோரும் ஒரு காலத்தில் காக்கிச் சட்டை போட்டு, சைக்கிள் மிதித்து, நம் வீட்டு வாசலில் "சார், போஸ்ட்!" என்று குரல் கொடுத்தவர்கள்.

எதற்கு வந்திருக்கிறார்கள்? தாங்கள் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுப்பதற்கு! அந்தச் சான்று போனால்தான் பென்ஷன் தொடரும்.

சர்க்கார் கேட்கட்டும், தப்பில்லை. செத்தவர் பேரில் பணம் எடுக்கிற பேர்வழிகளும் ஊரில் உண்டு.

ஆனால் "உயிரோடு இருக்கிறீரா?" என்று வருஷா வருஷம் கேட்கிறவர்கள், "உடம்புக்கு வந்தால் என்ன செய்வீர்?" என்று ஒரு தடவையாவது உட்கார வைத்துக் கேட்கிறார்களா? அதுதான் என் கேள்வி.

இருபது கையெழுத்தில் ஒன்று

பேகம்பூர் பக்கம் ஒரு டீக்கடையில் பழைய தபால்காரர் ஒருவரைச் சந்தித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். ரிட்டயர் ஆன இரண்டாம் வருஷம் நெஞ்சுவலி. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். சம்சாரத்தின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. வீட்டுப் பத்திரமும் பின்னாலேயே போனது.

"ஆஸ்பத்திரி கவுண்டர்ல ஒரு பொண்ணு 'சி.ஜி.எச்.எஸ். கார்டு இருக்கா ஐயா'ன்னு கேட்டுச்சு தம்பி. அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அப்பத்தான் தெரியும்" என்றார்.

ரிட்டயர் ஆகும்போது யாரும் சொல்லவில்லையா?

"பென்ஷன் பேப்பர்ல இருபது இடத்துல கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அதுல ஒண்ணு மருந்துச் செலவுக்கு மாசம் ஆயிரம். வேணுமா வேண்டாமான்னாங்க. ஆயிரம் ரூபாயை யாரு வேண்டாம்பா? போட்டுட்டேன்."

இருபது கையெழுத்தில் ஒரு கையெழுத்து. அதன் விலை ஒரு சங்கிலியும் ஒரு பத்திரமும்.

விஷயம் இதுதான். தபால்காரர் வேலையில் இருக்கும்வரை 1944ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் மருத்துவ விதிகள் அவரைக் காப்பாற்றும். வைத்தியம் பார்த்துக்கொண்டு, பில் கொடுத்து, விதிப்படி பணம் வாங்கலாம். ரிட்டயர் ஆன அன்றைக்கே அந்தக் கதவு சாத்தப்படுகிறது. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அந்த நாளோடு சரி!

அதற்குப் பிறகு அவருக்கு இருப்பது மூன்று வழி.

எது லாபம்? கணக்குப் பாருங்கள்

முதல் வழி, மாதாமாதம் மருத்துவப் படி மட்டும் வாங்குவது. 1997 டிசம்பரில் இது 100 ரூபாயாக ஆரம்பித்தது. 2008ல் 300, 2014ல் 500, 2017 ஜூலையில் 1,000. அதற்கப்புறம் மருந்து விலை எங்கேயோ போய்விட்டது. படி நின்ற இடத்திலேயே நிற்கிறது. சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் இது ஓரளவு காணும். ஆபரேஷனுக்குக் காணுமா?

இரண்டாவது வழி, மத்திய சர்க்கார் சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.சில் முழுசாகச் சேர்ந்து, வெளிநோயாளி வைத்தியமும் அங்கேயே பார்ப்பது. 1954ல் டெல்லியில் ஆரம்பித்த திட்டம். ஆனால் இதற்குப் படி கிடையாது. திண்டுக்கல்லில் அவர்களுடைய மருத்துவ நிலையமும் கிடையாது. திருச்சியில் இருக்கிறது. மாத்திரை வாங்க நூறு கிலோமீட்டர் ரயில் ஏறுவாரா எழுபது வயசுக்காரர்?

மூன்றாவது வழிதான் யாரும் உரக்கச் சொல்லாத வழி. சி.ஜி.எச்.எஸ். நிலையம் இல்லாத ஊரில் இருக்கிறவர், வெளிவைத்தியத்துக்கு மாதம் 1,000 ரூபாய்ப் படியையும் வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அதற்கு மட்டும் சி.ஜி.எச்.எஸ். கார்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தே!

காசு எவ்வளவு? கடைசியாக வாங்கிய சம்பள நிலையைப் பொறுத்தது. 1 முதல் 5 வரை மாதம் 250 ரூபாய். 6ஆம் நிலைக்கு 450. 7 முதல் 11 வரை 650. பத்து வருஷக் காசை ஒரே தடவையில் கட்டினால் ஆயுசுக்கும் கார்டு. அதாவது 30,000 அல்லது 54,000 அல்லது 78,000 ரூபாய்.

ரிட்டயர் ஆகும்போது கையில் வருகிற பணிக்கொடையில் இது எத்தனை பங்கு? 54,000 கட்டினவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய்ப் படியே நாலரை வருஷத்தில் அந்தப் பணத்தைத் திருப்பித் தந்துவிடும். அதற்கப்புறம் கார்டு ஓசி மாதிரிதான். சம்சாரத்துக்கும் சேர்த்துத்தான் கார்டு.

மகள் கல்யாணம், வீட்டுக்கு மாடி என்று அந்தப் பணத்துக்கு ஆயிரம் வாய். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாடி கட்டினவர் ஒரே நெஞ்சுவலியில் மாடியையும் சேர்த்து அடகு வைக்கிற கதையை நிருபர் வேலையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏஜெண்டு வந்தால்?

"தனியார் இன்சூரன்ஸ் இருக்கிறதே?" என்பார் ஒருவர். இருக்கிறது. 2024லிருந்து 65 வயசைத் தாண்டினவருக்கும் பாலிசி கொடுக்க வழி பிறந்திருக்கிறது. பிரீமியத்தின் மேல் போட்ட 18 சதவீத வரியும் 2025 செப்டம்பர் 22லிருந்து போய்விட்டது. நல்லதுதான். ஆனால் முன்னமே இருக்கிற வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அறுபது வயசில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத தபால்காரரைக் காட்டுங்கள் பார்ப்போம்! சி.ஜி.எச்.எஸ். கார்டுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

"எழுபது வயசானால் ஆயுஷ்மான் கார்டு தருகிறார்களாமே?" என்பார் இன்னொருவர். 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் தொடங்கி வைத்த திட்டம் அது. வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் சி.ஜி.எச்.எஸ்.சில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நம் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் செல்லுபடியாகும் என்று விசாரிக்காமல் கையில் இருப்பதை விட்டுவிடாதீர்கள்.

கார்டு எடுத்தால் எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகள் மாறிக்கொண்டே இருக்கும். பணம் வர லேட்டாகிறது என்று முகம் சுளிக்கிற ஆஸ்பத்திரிகளும் உண்டு. இருந்தாலும் ஆபத்துக்குப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் அந்த ஒரே காரணத்தைக் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2018 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. கார்டு இல்லாதவருக்கு அப்படி வாதாடுவது எவ்வளவு கஷ்டம்!

அங்கேயும் நவம்பர்தான்

அமெரிக்காவில் தபால் ஊழியர்களுக்கென்றே தனி மருத்துவ இன்சூரன்ஸ் ஏற்பாடு 2025 ஜனவரி 1ல் அமலுக்கு வந்தது. 2022ல் போட்ட சட்டப்படி வந்தது. வருஷா வருஷம் நவம்பர் நடுவிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் கெடு. வேலையில் இருப்பவரும் ரிட்டயர் ஆனவரும் எது வேண்டும் என்று புதிதாகத் தேர்ந்துகொள்ளலாம். அங்கே பிரீமியம் ஜாஸ்தி, திட்டங்களைப் படித்தால் தலை சுற்றும் என்கிறார்கள். போகட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மனுஷனைக் கேட்கிறார்கள் அல்லவா?

அதே நவம்பரில் இங்கே என்ன கேட்கிறோம்? உயிரோடு இருக்கிறீரா என்று!

இங்கே படியிலிருந்து வெளிவைத்தியத்துக்கு மாறிக்கொள்ள ஆயுசில் ஒரே ஒரு வாய்ப்பு. அந்த ஒரு வாய்ப்பும் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கேட்க நாதியில்லாதவர்கள்

இவ்வளவும் பென்ஷன் வாங்குகிற தபால்காரர் கதை. நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். தபால் கொண்டுவருகிறவர் கிராமிய டாக் சேவக். 65 வயசு வரை வேலை. அதற்குப் பிறகு மற்ற ஊழியர் மாதிரி மாதாந்தரப் பென்ஷன் இல்லை. மருத்துவப் படி இல்லை. சி.ஜி.எச்.எஸ். இல்லை. மூன்று வழி என்றேனே, இவருக்கு ஒரு வழியும் இல்லை. 2023 டிசம்பர் 12ல் நாடு பூரா வேலைநிறுத்தம் செய்தபோது இவர்கள் கேட்டவற்றில் மருத்துவ வசதியும் ஒன்று.

வேடிக்கையைக் கேளுங்கள். தபால் இலாகா தன் ஊழியருக்காக ஆயுள் காப்பீடு ஆரம்பித்தது 1884ல்! 399 ரூபாய் கட்டினால் 10 லட்சம் விபத்துக் காப்பீடு என்று தபால் வங்கிக்காக வீடு வீடாகப் போய்ச் சொன்னவரும் இதே டாக் சேவக்தான். ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸ் விற்றவர், தனக்குக் காய்ச்சல் வந்தால் தர்மாஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ரிட்டயர் ஆவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே ஊழியரையும் அவர் சம்சாரத்தையும் கூப்பிட்டு, மூன்று வழியையும் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும். நவம்பரில் உயிர்ச் சான்று வாங்குகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு குமாஸ்தா. "ஐயா, கார்டு இருக்கா? இல்லேன்னா இப்படிச் செய்யுங்க" என்று சொல்ல ஒரு வாய். அதற்குச் செலவு ஒரு மேஜைதான்.

திண்டுக்கல்லிலேயே சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாகிவிட்டது. மத்திய சர்க்கார் பென்ஷன்காரர்களுக்கு ஒரு சி.ஜி.எச்.எஸ். நிலையம் மட்டும் இந்த ஊருக்கு வராதா? நம் எம்.பி. டெல்லியில் கேட்க வேண்டிய கேள்வி இது. டாக் சேவக்குகளுக்கு ஒரு மருத்துவத் திட்டம் என்பது அதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி.

அதுவரை? உங்கள் வீட்டில், தெருவில் ரிட்டயர் ஆன தபால்காரர் இருந்தால் இன்று சாயந்திரமே அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, படி மட்டும்தான் வாங்குறீங்களா, கார்டும் இருக்கா?"

நமக்கு எத்தனையோ நல்ல சேதி கொண்டுவந்து கொடுத்தவர். அவருக்கு இந்த ஒரு சேதியை நாம் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.